கல் பாலைவனத்தில் மூன்றாம் சதுரம்

“புல்லுப் புடுங்கினதுக்குத்தான் உன்ரை அம்மாவுக்குக் கூலி குடுத்தவை. நீ அந்தப் புல்லைப் பார்க்கிறதுக்கு யூனிவர்சிட்டிக்குப் போகப் போறியோ பிள்ளை?”

ஆறு வருடங்களுக்கு முன்பு, இல்ஃபோர்டில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், கையில் கேக் துண்டோடு சிவம் மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சிவம் மாமா எங்களுக்கு இரத்த உறவு இல்லை. அப்பா பாரிஸில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய நாட்களில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர். இரண்டு குடும்பங்களும் அடுத்தடுத்த வருடங்களில் லண்டனுக்கு வந்தன. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து சிறு வயதில் கிளிநொச்சிக்கு வந்து, மற்றவர்களின் மிளகாய்த் தோட்டங்களில் களை பிடுங்கி வளர்ந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பாவுக்குத் தன் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். முதல் பட்டமும் என்னுடையதுதான், தாவரவியலில். இதை எங்கே கேட்டாலும் பெருமையோடு சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

கிழமை நாட்களில் மருந்துக் கடையொன்றில் வேலை செய்கிறேன். விடுமுறை நாட்களில் அரிய தாவரங்களைக் கணக்கெடுக்கும் தொண்டர் குழு ஒன்றில் இருக்கிறேன். இந்த ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை, அந்தக் குழுவுக்காக நான் முதன்முறையாகத் தனியே செய்த பயணத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என்னை ஏற்றிக்கொண்டு போனவர் வேறு யாருமில்லை, சிவம் மாமாதான்.

போக வேண்டிய இடம் டஞ்சனஸ். இல்ஃபோர்டிலிருந்து எண்பது மைல், கென்ட் மாவட்டத்தின் தெற்கு முனை. பிரிட்டனின் ஒரே பாலைவனம் என்று பலரும் அதைச் சொல்வார்கள். மழையை அளப்பவர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. மழை அங்கும் போதுமான அளவு பெய்கிறது. ஆனால் நிலம் முழுவதும் கூழாங்கல். விழும் தண்ணீர் நிற்காமல் கல்லுக்குள் இறங்கிப் போய்விடும். மண் இல்லை, நிழல் இல்லை, கடற்காற்றில் உப்பு. அப்படியான இடத்தில்தான் பிரிட்டனில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத சில பூக்கள் பூக்கின்றன.

நான் தேடிப் போன பூவின் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் ‘நாறும் பருந்துத்தாடி’ என்று வரும். முழங்காலுக்குக் கீழே நிற்கும் சின்னச் செடி, மஞ்சள் பூ. 1980ஆம் ஆண்டளவில் இந்த நாட்டிலிருந்தே அது அற்றுப்போனது. கடைசியாகக் கண்ட இடம் டஞ்சனஸ். பிறகு, வேறிடத்தில் காப்பாற்றி வைத்திருந்த விதைகளைக் கொண்டுவந்து அதே கல்லில் விதைத்தார்கள். ஒரே வருடத்தில் முளைத்து, பூத்து, விதை விட்டுச் சாகும் செடி அது. ஒவ்வொரு கோடையும் யாராவது போய், இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்காக எங்கள் குழு அந்த நிலத்தை நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமுமான சதுரங்களாகப் பிரித்திருக்கிறது. எனக்குக் கொடுத்தது மூன்றாம் சதுரம். அங்கே கடந்த இரண்டு கோடைகளும் பூச்சியம். மூன்றாவது கோடையும் பூச்சியம் என்றால் அந்தச் சதுரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு யாரும் அங்கே தேடிப் போக மாட்டார்கள். “எதுவும் இல்லாவிட்டால் இல்லை என்று எழுது, அதுவும் தகவல்தான்” என்று ஒருங்கிணைப்பாளர் ஹெலன் சொல்லியிருந்தார். எனக்கு அது போதவில்லை. சிவம் மாமாவின் கண் முன்னால், எண்பது மைல் போய், இல்லை என்று எழுதிக்கொண்டு வருவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காலை 5.40, இல்ஃபோர்ட். ரயிலில் போயிருக்கலாம். எலிசபெத் லைனில் ஸ்ட்ரட்ஃபோர்ட், அங்கிருந்து வேக ரயிலில் அஷ்ஃபோர்ட், பிறகு பஸ். ஆனால் கடைசி நாலு மைலுக்குக் காலை வேளையில் எதுவும் ஓடாது. பூவோ காலையில் விரிந்து, மதியம் திரும்பியதும் மூடிவிடும். மூடிய பிறகு ஆயிரம் மஞ்சள் பூச்செடிகளுக்குள் அதை அடையாளம் காண்பது பெரும்பாடு. சிவம் மாமா சனிக்கிழமைகளில் அஷ்ஃபோர்ட் பக்கத் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் கொண்டுபோவார் என்று அப்பாவுக்குத் தெரியும். என்னிடம் கேட்காமலே அவரோடு கதைத்து முடித்துவிட்டார்.

அம்மா வாசலில் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் தந்தார்.

“ரொட்டி ஆறு இருக்கு. கட்டச் சம்பல் தனியா வச்சிருக்கேன். அவருக்கு நாலு குடு.”

“எனக்கு ரெண்டு, அவருக்கு நாலா?”

“வண்டி ஓட்டுறவர் இல்லையா. பசிச்சா கோபம் வரும்.”

வெள்ளை வான் பத்து நிமிடம் பிந்தி வந்து நின்றது. மாமா இறங்கவேயில்லை.

“ஏறு பிள்ளை, கெதியா. அஷ்ஃபோர்ட் கடைக்காரன் ஏழரைக்கு முதல் சாமான் வேணுமெண்டு நிக்கிறான்.”

வான் முழுவதும் கறிவேப்பிலை வாசம். பின்னால் அரிசி மூட்டைகள், முருங்கைக்காய்ப் பெட்டிகள், உறைந்த மீன். முன்னால், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில், கட்டைவிரல் அளவு பித்தளைப் பிள்ளையார் ஒட்டும் பட்டியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு போத்தல் மூடி.

காலை 6.25, டார்ட்ஃபோர்ட் பாலம். வானுக்குக் கட்டணம் நாலு பவுண் இருபது பென்ஸ். நான் போனிலேயே கட்டினேன். கீழே தேம்ஸ் ஆறு வெயிலில் பளபளத்தது. பாலத்தின் உச்சிக்கு வந்தபோது மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பூ வைக்க மறந்து போனன்.”

அப்போதுதான் போத்தல் மூடி எதற்கென்று எனக்கு விளங்கியது. மாமாவின் மனைவி கமலா மாமி, ஒவ்வொரு காலையும் வீட்டுச் சாடியிலிருந்து ஒரு பூப் பறித்துக் கொடுப்பார். மாமா அதைப் பிள்ளையாருக்கு முன்னால் அந்த மூடியில் வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்.

“இன்னும் எழுபது மைல் கிடக்கு பிள்ளை.”

“ஒரு நாளைக்கு இல்லாட்டிப் பிள்ளையார் கோபிக்க மாட்டார், மாமா.”

“அவர் கோபிக்க மாட்டார். கண்ணாடிதான் உடையும். போன முறை மறந்த நாள் க்ரொய்டனிலை பஸ் ஒண்டு பக்கக் கண்ணாடியைக் கொண்டு போட்டுது.”

அதற்குப் பிறகு ஐம்பது மைல் வேகத்துக்கு மேல் அவர் போகவில்லை. எம்-20 நெடுஞ்சாலையில் வயதான பெண்களின் சின்னக் கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. நான் ஒவ்வொரு ஐந்து நிமிடமும் மணி பார்த்தேன்.

காலை 7.45, அஷ்ஃபோர்ட். கால் மணி நேரத்தில் முடியும் என்ற இறக்கும் வேலை முக்கால் மணி நேரம் எடுத்தது. நானும் கறிவேப்பிலைப் பெட்டிகளைத் தூக்கினேன். கடைக்காரர் பிளாஸ்டிக் சாமந்தி மாலையொன்றைக் காட்டினார், ஒரு பவுண் தொண்ணூற்றொன்பது.

“உதைக் கொழுவினால் வாடாது, சிவம் அண்ணை. ஒரேயடியா முடிஞ்சுது.”

“பிள்ளையாருக்குப் பிளாஸ்டிக்கோ? உனக்குப் பிளாஸ்டிக் இட்டலி தந்தால் தின்னுவியோ?”

அந்த வாதத்துக்கு ஐந்து நிமிடம் போனது. எட்டரைக்குத்தான் வெளிக்கிட்டோம்.

அஷ்ஃபோர்டைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் வாய்க்கால்கள், செம்மறி ஆடுகள், வேலிக்குப் பதிலாக நாணல். லிட் என்ற சிற்றூரைக் கடந்ததும் ஆடுகள் நின்றுபோயின, பிறகு புல், பிறகு மண். கடைசியில் கல் மட்டும்.

காலை 9.15, டஞ்சனஸ். படங்களில் எத்தனையோ தரம் பார்த்திருந்தும், இவ்வளவு பெரிய பரப்பென்று நான் நினைத்திருக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மஞ்சளும் சாம்பலும் கலந்த கூழாங்கல். அதன் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புத் தார் பூசிய மரவீடுகள். ஒரு வீட்டுக்கும் வேலியில்லை, மதிலில்லை. தூரத்தில் கறுப்புக் கலங்கரை விளக்கு, அதற்கப்பால் மூடிவிட்ட அணுமின் நிலையம் பெரிய பெட்டி மாதிரி. இவற்றுக்கு நடுவில், யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனது போலப் பூக்கள். நீலக் கதிர்களாக நிற்கும் செடிகள் நூற்றுக்கணக்கில், அவற்றில் தேனீக்கள். கடலோரமாகப் பெரிய மஞ்சள் இதழ்களோடு கொம்புக் காய்ப் பாப்பி.

மாமா வான் கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்தார்.

“இதுக்கோ பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? வீடு கட்டக் கல்லைக் கொட்டிப் போட்டு ஆக்கள் ஓடினமாதிரிக் கிடக்கு.”

“பூவைப் பாருங்கோ.”

“பூ வடிவுதான்.” அவருடைய பார்வை வேறு எதிலோ நின்றது. “உது என்ன, கோவாவோ?”

கடற்கோவாவைத்தான் காட்டினார். சாம்பல் பச்சையில் சுருண்ட பெரிய இலைகள், கல்லுக்கு மேல் குவியல் குவியலாக. கிட்டத்தட்ட, நாங்கள் கோவா என்று சமைக்கும் முட்டைக்கோஸ்தான்.

“ஒரு பிடி முறிச்சால் மாமி தேங்காய்ப்பூவோடை வறை போடுவா.”

“தொடக்கூடாது மாமா. இது பாதுகாக்கப்பட்ட இடம். கோவாவைத் தொடவே கூடாது.”

“சரி, சரி. உன்ரை கோவாவை நான் தொடேல்லை.”

இதை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு தேவைப்படும்.

வானை வீதியோரம், கார்கள் வழக்கமாக நிறுத்தும் மிதிபட்ட இடத்தில் நிறுத்தினோம். மூன்றாம் சதுரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன். ஒரு கையில் படிவம், மறு கையில் போன். கல்லில் நடப்பது ஈர மணலில் நடப்பதை விடக் கஷ்டம். ஒவ்வொரு அடிக்கும் அரை அடி பின்னால் சறுக்கும்.

பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு. சதுரத்தை இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மஞ்சள் பூக்கள் ஏராளம்; எல்லாம் வேறு இனம். நான் தேடும் செடியின் மொட்டுகள் விரிவதற்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். ஏச்சு வாங்கிய பிள்ளை மாதிரி. நான் பார்த்த மொட்டுகள் எல்லாம் நிமிர்ந்தே நின்றன. நாற்பது தரமாவது முழங்காலில் இருந்து எழும்பியிருப்பேன். முழங்காலில் கல்லின் வடிவம் பதிந்துவிட்டது. ஒரு முயல் என்னை இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

இடையில் திரும்பிப் பார்த்தபோது, மாமா காதில் போனை வைத்துக்கொண்டு வீதியோரமாக நடந்துகொண்டிருந்தார். அடுத்த முறை பார்த்தபோது வானுக்குள் சாய்ந்து கிடந்தார்.

மதியம் 12.50. பூக்கள் மூடத் தொடங்கிவிட்டன. படிவத்தில் ‘எண்ணிக்கை’ என்ற பெட்டி வெறுமையாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பூச்சியத்தைப் போடலாம் என்று வானுக்கு வந்தேன். மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வழி நெடுகப் பதில் தயாரித்துக்கொண்டே நடந்தேன்.

கதவைத் திறந்தேன். பிள்ளையாருக்கு முன்னால், போத்தல் மூடியில், ஒரு மஞ்சள் பூ.

பாதி மூடிய பூ. இதழ்களின் அடிப்பக்கம் சிவந்திருந்தது. தண்டில் சாம்பல் மயிர். அதே தண்டில் ஒரு கிளை. அதன் நுனியில், தலையைத் தொங்கப் போட்ட ஒரு மொட்டு.

மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். கிறிஸ்மஸ் கேக்குக்கு விடும் ஆல்மண்ட் எசன்ஸ் வாசம் லேசாக அடித்தது. பருந்துத்தாடியின் ‘நாற்றம்’ என்று புத்தகங்கள் சொல்வது அந்த வாசத்தைத்தான்.

“மாமா.”

“ம்?” கண்ணைத் திறக்கவில்லை.

“இந்தப் பூவை எங்கை எடுத்தனீங்கள்?”

“உங்கைதான் எங்கையோ. ஏன், நீ சொல்லுமட்டும் பூ வைக்காமல் இருக்கிறதோ?”

“ஒண்டும் தொடக்கூடாதெண்டு சொன்னனான்.”

அவர் கண்ணைத் திறந்தார். “கோவாவைத் தொடக்கூடாதெண்டுதான் சொன்னனீ. நான் கோவாவைத் தொடேல்லை.”

“இதுதான் அது.”

“எது?”

“நான் காலமை துவக்கம் தேடுற பூ. நாடு முழுக்க அற்றுப்போய், திரும்ப விதைச்சு வந்த பூ.”

மாமா பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையாரைப் பார்த்தார், அவர் ஏதாவது சொல்வாரோ என்பது மாதிரி.

“பறிச்சது பிழையோ?”

“பெரிய பிழை.”

“பொலிஸ் வருமோ?”

“இப்ப அதை விடுங்கோ. எந்த இடத்திலை பறிச்சனீங்கள்?”

அவருக்கு ஞாபகமில்லை. வான் நின்ற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் வீதி ஒரே மாதிரி. இந்தப் பக்கம் என்று தொடங்கி, அந்தப் பக்கம் என்று முடித்தார். மாமியோடு போனில் கதைத்துக்கொண்டு நடந்ததாகவும், நடந்தது தெரியாமலே நடந்ததாகவும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. பூ இருக்கிறது, இடம் இல்லை. இடம் இல்லாத பூவைப் படிவத்தில் எழுத முடியாது. சதுரம் மூன்றா, நான்கா, வேறெங்காவதா என்று யாருக்குத் தெரியும்?

மாமா போனை எடுத்தார்.

“கமலா, காலமை கதைச்ச மாதிரித் திரும்பக் கதையப்பா.”

ஸ்பீக்கரில் மாமியின் குரல் கேட்டது. “என்ன விசர்க் கதை இது? வெயில் பட்டதோ?”

“நீ கதை. முதல் என்ன கேட்டனீ?”

“பிறஷர்க் குளிசை போட்டதோ எண்டு கேட்டனான்.”

“அப்ப இங்கை நிண்டனான்.” மாமா வானின் பின் சக்கரத்தடியில் போய் நின்றார். “பிறகு?”

“போடேல்லையெண்டு சொன்னியள். நான் ஏசினனான்.”

“அப்ப இப்படி நடந்தனான்.” போனைக் காதுக்கு நேரே பிடித்தபடி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். நான் மூன்றடி பின்னால். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று எங்களைப் பார்த்தார். “பிறகு?”

“மூத்தவன் பல்லுக் கொதியெண்டு படுத்திருக்கிறான் எண்டு சொன்னன்.”

“ஓம். அதிலை திரும்பினனான்.” திரும்பினார். “பிறகு?”

“பிறகென்ன. பூவை எடுக்காமல் போட்டியள், செருப்புத் தட்டிலை கிடக்குதெண்டு சொன்னன்.”

மாமா அப்படியே நின்றார்.

“இங்கைதான் பிள்ளை. அவ பூவெண்டு சொல்லக் குனிஞ்சு பார்த்தன். காலடியிலை ஒண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டது.”

அவருடைய சப்பாத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் முறிந்த தண்டு. முறிந்த இடத்தில் பால் காய்ந்திருந்தது. அதைச் சுற்றி, கார்ச் சக்கரங்கள் கல்லைப் புரட்டிப் போட்ட மிதிபட்ட நிலத்தில், தலையைத் தொங்கப் போட்ட மொட்டுகளோடு, சாம்பல் நிறச் செடிகள்.

நான் முழங்காலில் இருந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, என் மேலே கோபமும் வந்தது. ‘புரட்டிப் போட்ட நிலத்தை விரும்பும்’ என்று என் குறிப்பில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அரிய பூ என்றதும், மனிதர் கால் படாத இடத்தில்தான் நிற்கும் என்று நானாகவே முடிவு செய்து, வானிலிருந்து இறங்கியதும் வீதிக்கு முதுகைக் காட்டிவிட்டேன். காரும் காலும் படும் ஓரத்தை நான் பார்க்கவேயில்லை.

“இனி என்ன செய்யிறது?” என்றார் மாமா. குரல் தாழ்ந்திருந்தது.

“எண்ணுறது.”

இரண்டு பேரும் எண்ணினோம். நான் ஒவ்வொரு செடியின் இடத்தையும் போனில் குறித்தேன். அளவு தெரிவதற்காக மாமா பக்கத்தில் ஒரு பவுண் நாணயத்தை வைத்தார், நான் படமெடுத்தேன். காலை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் என்னிடம் கேட்டார். மொத்தம் பதினொரு செடிகள். எட்டு மூன்றாம் சதுரத்துக்குள். மூன்று, எல்லையைத் தாண்டி, இதுவரை யாரும் பார்க்காத நான்காம் சதுரத்தில்.

மதியம் 1.45. வான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொட்டி சாப்பிட்டோம். மாமா இரண்டோடு நிறுத்திவிட்டு மூன்றாவதை என் பக்கம் தள்ளினார்.

படிவத்தின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பெட்டி உண்டு. பேனையை அதில் வைத்தபடி இருந்தேன். இது நான் தனியே செய்யும் முதல் கணக்கெடுப்பு. என்னோடு வந்தவரே பூவைப் பறித்தார் என்று எழுதினால், அடுத்த தரம் என்னை அனுப்புவார்களா?

“எழுதாதை பிள்ளை,” என்றார் மாமா. “ஒரு பூ. ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்.”

“உன்னை நிப்பாட்டிப் போட்டால்?”

“எழுதாட்டிப் படத்திலை முறிஞ்ச தண்டைப் பார்த்து முயல் கடிச்சதெண்டு நினைப்பினம். பிறகு முயலுக்கு வேலி போடுவினம்.”

அவர் அந்த முயலைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

“அப்ப என்ரை பேரைப் போடு. சாரதியெண்டு மட்டும் போட்டால் அப்பாவியாப் போன வேறை ஆரையாவது பிடிப்பாங்கள். சிவஞானம் எண்டு முழுசாப் போடு.”

எழுதினேன். ஒரு பூத்தண்டு, தெரியாமல், வழிபாட்டுக்காகப் பறிக்கப்பட்டது. பறித்தவர் பெயர் இது. அவர்தான் இடத்தையும் கண்டுபிடித்துத் தந்தார். பறித்த தண்டு சான்றாகத் தேவை என்று கேட்டபோது மாமா தயங்கினார். பிள்ளையாருக்கு வைத்ததைத் திருப்பி எடுப்பதா? பிறகு, வாடிய பூவை எடுப்பது வழக்கம்தானே என்று தனக்குத்தானே சொல்லி, அதைக் கண்ணில் ஒற்றி என் கையில் தந்தார். அவருடைய டெலிவரிப் புத்தகத்தின் கடைசித் தாள்களுக்கு நடுவில் அதை வைத்து மூடினேன்.

வெளிக்கிடும் முன் கடல் வரைக்கும் போய்வந்தோம். கொட்டகை ஒன்றில் இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவில் பொரித்த மீன் வைத்து விற்றார்கள், ஒன்று எட்டுப் பவுண். மாமா ஒன்று வாங்கி இரண்டாக்கினார். குட்டி நீராவி ரயில் ஒன்று புகைவிட்டுக்கொண்டு வந்து, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியது. அங்கே வந்த யாரும் மிதிபட்ட வீதியோரத்தைக் குனிந்து பார்க்கவில்லை. காலையில் நானும் அப்படித்தான் இறங்கினேன்.

பிற்பகல் 3.10, திரும்பும் வழி. அஷ்ஃபோர்ட் கடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார். நான் இறங்குவதற்கு முன்பே கதை தொடங்கிவிட்டது.

“இவ ஆரெண்டு தெரியுமோ? இந்த நாட்டிலை இல்லாமல் போன பூவைக் கல்லுக்குள்ளை கணக்கெடுக்கிறவ. யூனிவர்சிட்டியிலை இதுக்கெண்டே படிச்சவ.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள், அண்ணை?”

“நான்தான் முதல் கண்டது.”

டார்ட்ஃபோர்ட் வரைக்கும் இன்னும் நாலு பேருக்குப் போன் போனது. ஒவ்வொரு தரமும் செடிகளின் எண்ணிக்கை கூடியது. லண்டன் எல்லைக்குள் வந்தபோது நாற்பது ஆகிவிட்டது. நான் திருத்தினேன். ‘கிட்டத்தட்டப் பதினொண்டு’ என்று ஒத்துக்கொண்டார். பிறந்தநாள் மண்டபத்தில் சொன்னதை அவர் மறந்துவிட்டாரா, மறக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

மாலை 5.35, இல்ஃபோர்ட். எங்கள் தெருவில் அநேகமான வீடுகளின் முன் தோட்டத்தைக் கார் நிறுத்துவதற்காகக் கல் பதித்து மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும்தான். அன்று வானிலிருந்து இறங்கியபோது முதல் வேலையாகக் கீழே பார்த்தேன். டயர் உரசும் ஓரத்தில், இரண்டு கற்களுக்கு நடுவில், மூன்று வகைச் செடிகள். இருபத்திரண்டு வருடங்களாக இந்த நாட்டில் இருக்கிறேன், படித்திருக்கிறேன், அவற்றை எண்ணியதில்லை.

அம்மா கதையை முழுக்கக் கேட்டார். கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“வேரோட வரலையே?”

“இல்லம்மா, தண்டு மட்டும்.”

“அப்ப பக்கத்துல துளிர் விடும். இந்த மாதிரி களை எல்லாம் லேசுல சாகாது.” பிறகு சம்பல் பெட்டியைத் திறந்து பார்த்தார். “நாலும் சாப்பிட்டாரா?”

ஐந்து நாட்களில் ஹெலனின் பதில் வந்தது. செடி உறுதியானது, மூன்றாம் சதுரம் பட்டியலில் நீடிக்கும். பறித்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி; காய்ந்த தண்டை அனுப்பி வைக்கவும். கீழே ஒரு வரி: நான்காம் சதுரத்துக்கு ஆள் இல்லை, விருப்பமா? விருப்பமென்றால், இந்த முறை நடந்ததையும் கருத்தில் கொண்டு, ஆபத்துகளையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் எழுதும் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும்.

அன்று மாலையே நிரப்பினேன். முதல் ஆபத்து, சறுக்கும் கல்: கணுக்கால் மூடும் சப்பாத்து. இரண்டாவது, வெயில்: தொப்பி, தண்ணீர். மூன்றாவது, சாரதி பூப் பறித்தல்: புறப்படும் முன் இல்ஃபோர்டிலேயே பிள்ளையாருக்குப் பூ வைக்கப்படும், செருப்புத் தட்டைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. போகிறவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று போட்டு, வானை எடுத்துக்கொண்டு வந்த சிவம் மாமாவிடம் இரண்டாவது கையெழுத்தை வாங்கி, படிவத்தை நேற்று அனுப்பிவிட்டேன்.